மணி அடித்தால் ஈரல்

எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, எந்த பிளாக்? இரண்டாவது கேள்வி, பெர்மனென்ட்டா, கான்ட்ராக்டா? நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்விகளுக்கு நான் அசர மாட்டேன். நாய் பழக்குகிறேன் என்று சொன்னதும்தான் எதிரே இருப்பவர் அசருவார். "அதுல பெர்மனென்ட் உண்டுங்களா?" என்பார். "நாயோட கான்ட்ராக்ட், பெண்டாட்டியோட பெர்மனென்ட்" என்று ஒரு பதில் வைத்திருந்தேன். என் மனைவி பக்கத்தில் இருந்த ஒரு நாள், "அதுவும் வருஷா வருஷம் ரினீவல்தான்" என்று திருத்தியதிலிருந்து அந்தப் பதிலைச் சொல்வதில்லை.

அடுத்த கேள்வி, குச்சி எங்கே என்பது. நாய் பழக்குகிறவன் என்றால் கையில் ஒரு குச்சியும் வாயில் ஒரு அதட்டலும் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் இருப்பது இடுப்பில் ஒரு சின்னப் பை. அதற்குள் வேகவைத்துப் பொடிப்பொடியாக நறுக்கிய கோழி ஈரல். நாய் நல்லது ஒன்று செய்யும், அந்த நொடியே ஒரு சொல் சொல்லி ஒரு துண்டு ஈரல் கொடுப்பேன். செய்யாவிட்டால் அடி கிடையாது. நாம் கேட்டது அதற்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் எளிதாக்கிக் கேட்பேன். என் தொழில் மொத்தமும் இவ்வளவுதான். இதைச் சொன்னால், "அவ்ளோதானா?" என்று முகம் சுருங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பையோடு நான் நடந்தால் பின்னாலேயே நான்கைந்து தெரு நாய்கள் ஊர்வலமாக வரும். கடைத்தெருவில் பலர் இன்னமும் என்னைக் கறிக்கடையில் வேலை பார்க்கிறவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வேலையில் நான் தினமும் பார்க்கிற, பார்க்கப் பிடிக்காத காட்சி ஒன்று உண்டு. ரிட்டயர் ஆனவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். பீரோ போகும், கட்டில் போகும், கொய்யா மரத்தில் கட்டியிருந்த ஊஞ்சல்கூடப் போகும். நாய் மட்டும் போகாது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். ஷிப்ட் பஸ் வரும் நேரத்தில் எழுந்து நிற்கும். பஸ் போனதும் திரும்ப உட்காரும். விட்டுப் போனவர்களும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. மகன் வீட்டில் இடம் இருக்காது, வாடகை வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், ஆளுக்கொரு காரணம். நாய்க்கு அந்தக் காரணத்தை யார் விளக்குவது?

அதனால்தான் அந்த அம்மா வந்து கேட்டபோது என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அந்த அம்மாவுக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர், முந்திரிக்குப் பேர்போன பக்கம். அவர் வீட்டுக்காரர் கம்மாபுரம் பக்கம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்து அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார். அவருடைய சொந்த வீடு இருந்த இடத்தில் இப்போது சுரங்கம்தான் இருக்கிறது, அதனால் ஊருக்குத் திரும்புகிற பேச்சு இல்லை. மகன் சென்னையில் அடுக்குமாடியில் நாலாவது மாடி வாங்கியிருந்தான். அப்பா அம்மா இருவரையும் அன்பாகக் கூப்பிட்டான். நாயையும் கூப்பிட்டான், ஒரு நிபந்தனையோடு.

நாய் வயதான நாட்டு நாய். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். குட்டியாக ஷிப்ட் பஸ் நிறுத்தத்தில் கிடந்ததை அவர் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தாராம். அவனுக்கு இப்போது இடுப்பு எலும்பில் தேய்மானம். படி ஏறவே கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் நாலாவது மாடிக்கு லிஃப்ட்தான் வழி. மகன் ஒரு தடவை காரில் கூட்டிப்போய்ப் பார்த்திருக்கிறான். லிஃப்ட் கதவு திறந்ததும் நாய் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, அங்கேயே ஒன்றுக்குப் போய், இழுத்த மகனின் கையைக் கவ்வியிருக்கிறது. திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "லிஃப்ட்ல ஏறினா வரட்டும். இல்லன்னா அங்கயே யாருக்காவது குடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டான்.

"யாருக்கு தம்பி குடுக்கறது? இந்த வயசுல யாரு வெச்சிப்பாங்க?" என்றார் அந்த அம்மா. "வூடு காலி பண்றதுக்குள்ள அவனை லிஃப்ட்ல ஏத்தி வுட்ருங்க. அது போதும்."

"கவலைப்படாதீங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது. லிஃப்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து ஓடிவிடத் தோன்றியது வேறு விஷயம்.

ஏனென்றால் எனக்கு லிஃப்ட் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு மாடிக்கு நடுவே கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் போடுகிற நேரம்தான். அதற்குள் நான் போட்ட சத்தத்தில், கூட இருந்த ஒரு சின்னப் பெண் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க அங்கிள், கீழ கேசரி இருக்கு" என்றாள். அதிலிருந்து எங்கே போனாலும் படிதான். யாராவது கேட்டால், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்பேன். எந்த டாக்டர் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற ஊரில் பிறந்துவிட்டு, கரண்ட் போய்விடுமோ என்று நடுங்குகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று இரவு மனைவியிடம் சொன்னபோது, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். "நாய்க்கு நீங்க சொல்லித்தரப் போறீங்களா, நாய் உங்களுக்குச் சொல்லித்தரப் போகுதா?"

"தொழில் வேற, சொந்த விஷயம் வேற" என்றேன்.

"ரெண்டும் ஒரே லிஃப்ட்லதான போகணும்" என்றாள்.

பழக்குவதற்கு டவுன்ஷிப்பில் எங்கே போய் லிஃப்ட் தேடுவது? நாங்கள் தரையோடு தரையாக வாழ்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நாயை விடமாட்டார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சார் முன்வந்தார். (அந்த அம்மாவின் வீட்டுக்காரரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன்.) வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதருக்கு வேலை கிடைத்துவிட்டது.

"செஞ்சிடலாங்க" என்றார்.

சமையலறைக்குப் பக்கத்தில் ஸ்டோர் ரூம். மூட்டை முடிச்செல்லாம் கட்டிவிட்டதால் காலியாக இருந்தது. லிஃப்ட் அளவுதான். தரையில் பழைய டயர்களைப் போட்டு, மேலே பலகை வைத்து, அதன்மேல் காயலான் கடையில் வாங்கிய பெல்ட் ரப்பரை விரித்தார். வெளியிலிருந்து பலகைக்கு அடியில் ஒரு கடப்பாரையை நுழைத்து நெம்பினால் தரை லேசாக ஆடும். டம்ளரில் ஸ்பூனால் தட்டினால் லிஃப்டின் மணி மாதிரியே டிங் என்று கேட்கும். கதவை மூடினால் லிஃப்டேதான். அதைப் பார்த்ததுமே நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். நாயைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நான் ஸ்டோர் ரூமுக்குள் போனேன். ஈரலை நம்பி அவன் வந்தான். கதவு முழுசாக மூடிவிடாதபடி என் செருப்பை இடுக்கில் வைத்துக்கொண்டேன். நாய்க்குக் காற்று வேண்டுமே என்று விளக்கமும் சொன்னேன். வெளியே சார் கடப்பாரையோடு நின்றார்.

"மணி முதல்ல, ஆட்டறது அப்புறம், சரிங்களா?" என்று கேட்டார்.

சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்த எனக்கு எல்லாமே சரிதான். "சரி சார், சரி சார்."

டிங். உடனே தரை ஆடியது. அதுவும் அவர் பல வருஷம் இரும்போடு பழகிய கை. நாய் பாய்ந்து வெளியே ஓடியது. அதற்கு முன்னால் நான் ஓடியிருந்தேன். இருவரும் கொய்யா மரத்தடியில்தான் சந்தித்துக்கொண்டோம்.

அடுத்த நாளும் அப்படியே செய்தோம். பிறகுதான் புரிந்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடத் தொடங்கும் முன் ஹூட்டர் அடிக்க வேண்டும், கிட்டே நிற்கிறவர்கள் விலகிக்கொள்ள வேண்டும், அதன் பிறகுதான் பெல்ட் நகரலாம். வாழ்நாள் முழுக்க சார் செய்த வேலை அது. மனுஷன் அதே ஒழுங்கில் நாய்க்கும் ஹூட்டர் அடித்திருக்கிறார். நாயும் ஒழுங்காகவே கற்றுக்கொண்டது: டிங் என்றால் பூமி ஆடப்போகிறது, விலகிக்கொள். சுரங்கத்தில் அது உயிரைக் காக்கும் பாடம். எங்களுக்குத் தேவைப்பட்டதோ நேர்மாறானது.

மூன்றாம் நாள் நான் போனபோது அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னாங்க தம்பி பண்ணி வெச்சிருக்கீங்க? வூட்ல ஒரு டம்ளர கீழ வெக்க முடியல. காபில சக்கரை கலக்கறேன், கட்டிலுக்கு அடில போயி பூந்துகினு வரமாட்டேங்கறான். காலையில சாமிக்கு மணி அடிச்சேன், பாத்ரூம்ல போயி ஒளிஞ்சிகினான். லிஃப்ட்டுக்கு மட்டுந்தான் பயந்துகினு இருந்தான். இப்ப சாமிக்கும் சேத்து பயப்படறான்!"

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். இரண்டு பெரிய மனிதர்கள் ஸ்பூனும் கடப்பாரையுமாக நின்றுகொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து எனக்குத் தூக்கமில்லை. அந்தப் பூட்டிய கேட்டுதான் கண்ணுக்குள் வந்தது. அதன் முன்னால் மடிந்த காதோடு அவன். இந்தத் தடவை விட்டுப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. கெடுத்தவன் நான்.

மறுநாள் கடப்பாரையைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போதைக்கு ஸ்டோர் ரூமே வேண்டாம். வீட்டில் எங்கே மணி கேட்டாலும் ஈரல், அவ்வளவுதான். முதலில் டம்ளரைத் துணியில் சுற்றி மெல்லத் தட்டினோம். காதுதான் அசைந்தது, ஓடவில்லை. உடனே ஈரல். அடுத்து துணியில்லாமல், தோட்டத்துக் கோடியிலிருந்து. பிறகு சமையலறை, வராந்தா, கேட். எந்தச் சொல்லோடு கொடுப்பது என்று கேட்டேன். "நல்லபுள்ளன்னு சொல்றேன், அதான் எனக்கு வாய்ல வரும்" என்றார் அந்த அம்மா. டிங், "நல்லபுள்ள", ஈரல்.

வெள்ளிக்கிழமை மட்டும் சிக்கல். "வெள்ளிக்கெழம பூஜ நேரத்துல ஈரலத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அன்று தேங்காய்ப் பத்தை. நாய் ஒரு வினாடி மோந்து பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டது. அவனுக்கு விரதத்தில் ஆட்சேபம் இல்லை, அளவுதான் முக்கியம். சீக்கிரமே காலையில் பூஜை மணி அடித்தால் கட்டிலுக்கடியில் போவதற்குப் பதிலாகச் சாமி படத்துக்கு முன்னால் நாக்கைத் தொங்கப் போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டான். "இவ்ளோ பக்தி எங்க வூட்டுக்காரருக்குக் கூட இல்ல" என்றார் அந்த அம்மா.

பலகைக்கு அவனைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கடினம் என்று பயந்தேன். சாரிடம் ரொம்ப நேரம் விளக்கினேன். அவனை இழுக்கக் கூடாது, அவனாக வந்து பலகையில் கால் வைத்தால் மட்டும்தான் ஆட்ட வேண்டும், கால் எடுத்தால் நிறுத்திவிட வேண்டும், கடப்பாரை வேண்டாம், விரலால் போதும் என்றேன். எனக்குத் தெரிந்த எல்லா உதாரணமும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது லைன் கிளியர் அவன்தான் குடுக்கணும். அப்பிடித்தானேங்க?" என்றார்.

ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசி நான் புரியவைக்கிற விஷயத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பெல்ட்டில் ஆள் வேலை செய்துகொண்டிருந்தால், அவர் விலகி லைன் கிளியர் சொல்லும்வரை யாரும் பொத்தானைத் தொடக்கூடாதாம். அதிலிருந்து சார் பலகைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "டேய், லைன் கிளியரா?" என்று கேட்பார். நாய் பலகையில் முன்னங்காலை வைக்கும். "குடுத்துட்டான்!" என்று பலகையை விரலால் அசைப்பார். நல்லபுள்ள, ஈரல். நான்கு கால் வைத்தது. உட்கார்ந்தது. கதவு பாதி மூடியது. ஒரு நாள், முழுக்க மூடிய கதவுக்குள் ஆடும் பலகையில் படுத்துக் கொட்டாவி விட்டான். பயக் கொட்டாவி இல்லை, சலிப்புக் கொட்டாவி. எனக்கு வித்தியாசம் தெரியும்.

அந்த நாட்களில் ஒரு விஷயத்தை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றால் அவன் பலகையின் ஓரத்திலேயே நிற்பான். அந்த அம்மா பிடித்தால் நடுவில் போய்ப் படுப்பான். வீட்டு ஆளிடம் நம்பிக்கை அதிகம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் நான் ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்ததும் அந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீரும் நாலு வறுத்த முந்திரியும் நீட்டுவார். அவர் ஊர் முந்திரி, நெய்யில் வறுத்தது. உபசாரம் என்று நினைத்து வாங்கித் தின்றேன்.

காலி செய்கிற நாள் வந்தது. சாமான் லாரி முன்னால் போக, காரில் சார், அந்த அம்மா, நாய், நான். நான் எதற்கு என்றால், "நீங்க வந்து ஏத்திவுட்டாத்தான் எனக்கு நம்பிக்கை" என்று அவர் சொல்லிவிட்டார். கேட்டைப் பூட்டும்போது நாய் காருக்குள்ளே இருந்தது. நான் வந்ததற்கு அது ஒன்றே போதும்.

சென்னை போய்ச் சேர்ந்தோம். அந்த லிஃப்ட் நான் எதிர்பார்த்ததைவிடப் பளபளப்பாக இருந்தது. மகன் கீழே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காவலாளியும் வேடிக்கை பார்க்க வந்தார். பொத்தானை அழுத்தினார்கள்.

டிங்.

நாயின் காதுகள் எழுந்தன. வாலை ஆட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான், ஈரலுக்கு. எனக்கு உயிர் வந்தது. கதவு திறந்தது. உள்ளே கண்ணாடி. அதில் வெளிறிப்போன ஒரு நடுவயது மனிதன் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நாய் ஒரு அடி வைத்து நின்றுவிட்டது. உதட்டை நக்கியது. கொட்டாவி விட்டது. இது சலிப்புக் கொட்டாவி இல்லை. பின்னங்கால்கள் மடங்கத் தொடங்கின.

"நான்தான் சொன்னேன்லம்மா" என்றான் மகன்.

"நீ சும்மா இருடா" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்து, மெல்ல, "தம்பி, கயித்த எங்கிட்ட குடுங்க" என்றார்.

"இல்லம்மா, நான் பாத்துக்கறேன்..."

"அவனுக்கு லிஃப்ட்ட பாத்து பயமில்ல தம்பி. உங்க கை நடுங்கறது கயித்துல வந்துகினு இருக்குது. ஸ்டோர் ரூம்லயே பாத்தேன். செருப்ப வெச்சீங்களே, நாய்க்குக் காத்துக்கா?"

கயிற்றைக் கொடுத்தேன். கயிறு தளர்ந்து தொங்கியது. சார் குனிந்து, "டேய், லைன் கிளியரா?" என்றார். அவன் எழுந்தான். அந்த அம்மாவின் புடவை ஓரத்தை உரசிக்கொண்டு, நொண்டி நொண்டி உள்ளே போய், நடுவில் உட்கார்ந்தான். நல்லபுள்ள. ஈரல். கதவு மூடியது. மேலே எண்கள் ஒன்றொன்றாக மாறி நாலில் நின்றன. மகன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். சார் மூக்கை உறிஞ்சிவிட்டு, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கீழே ஏசியே கிடையாது.

லிஃப்ட் திரும்ப இறங்கி வந்தது. கதவு திறந்தால், அந்த அம்மாவும் அவனும் இன்னமும் உள்ளேயே இருந்தார்கள். அந்த அம்மா புடவை முடிச்சை அவிழ்த்து ஒரு முந்திரியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வாங்க. இழுக்கல. ஒரு கால் மட்டும் வைங்க."

மகன் வீட்டில் கொடுத்த விருந்துக்கு நாலாவது மாடி வரை நான் படி ஏறித்தான் போனேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்று ஒரு கால் வைத்தேன். பிறகு அவனைப் பார்க்கிற சாக்கில் அடிக்கடி போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா அவனோடு கீழே இறங்கி வந்து, முந்திரியோடு காத்திருப்பார். இரண்டு கால். பிறகு கதவு பாதி. என் வித்தையை என்மேலேயே நடத்துகிறார், ஒரு பிழை சொல்ல முடியவில்லை.

போன தடவை கதவு முழுக்க மூடியது. ஏதாவது பிடித்துக்கொள்ளத் தேடினேன், நாயின் கழுத்துதான் கிடைத்தது. தரை அசைந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு முதல் மாடிவரை போனேன். டிங்.

"நல்லபுள்ள!" என்று முந்திரியை என் பக்கம் நீட்டினார் அந்த அம்மா.

அந்தச் சொல் யாருடையது என்பதில் நாய்க்குச் சந்தேகமே இல்லை. என் கைக்கு வருவதற்குள் எம்பி லபக்கென்று விழுங்கிவிட்டு, அடுத்ததற்காக வாலை ஆட்டினான்.